நினைவில் இல்லாத 17 நிமிடம்

போன வருஷம் ஏப்ரல் மாதம் ஒருநாள் என் மனைவியிடம் ஒரு பொய் சொன்னேன். கல்யாணமாகி 47 வருஷத்தில் அதுதான் முதல் பொய்யா என்று கேட்காதீர்கள். ஆபீசில் வேலை அதிகம், பஸ் கிடைக்கவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. இது வேறு மாதிரிப் பொய். அதைப் பிடித்துக் கொடுத்தது ஒரு வரைபடம்.

என் சைக்கிளைப் பற்றி முன்பே இரண்டு முறை எழுதியிருக்கிறேன். பழைய வாசகர்களுக்குத் தெரியும். எனக்கு இப்போது 74 முடிந்து 75 நடக்கிறது. முத்தியால்பேட்டையில் வீடு. 2010இல் ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு சைக்கிள் வாங்கினேன். அதுவரை ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தவன், வேலை முடிந்த பிறகு சைக்கிளுக்கு இறங்கி வந்தேன். ஊரில் நாலு பேர் "பென்ஷன் வரலையா சார்?" என்று கேட்டார்கள்.

மகன் பிரான்சில் இருக்கிறான். அவனுக்கு நான் தனியாக இருபது முப்பது கிலோமீட்டர் போவது பிடிக்கவில்லை. "போகாதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டீங்க. இதையாவது போட்டுக்கோங்க" என்று, லீவில் வந்தபோது என் செல்போனில் ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்தான். கிளம்பும்போது ஒரு தட்டு, வீட்டுக்கு வந்ததும் ஒரு தட்டு. அவ்வளவுதான். நடுவில் எந்தத் தெருவில் திரும்பினோம், எத்தனை கிலோமீட்டர், என்ன வேகம் எல்லாவற்றையும் அதுவே எழுதிக்கொள்ளும்.

முதலில் எனக்கு அதில் அக்கறை இல்லை. போன வழி எனக்குத் தெரியாதா என்று இருந்தேன். ஒருநாள் மகன் போனில், "அப்பா, அந்தப் பதிவைக் கம்ப்யூட்டர்ல இறக்கி கூகுள் எர்த்ல திறந்து பாருங்க. நீங்க போன மாதிரியே மறுபடி ஓடும்" என்றான். இறக்கிப் பார்த்தேன். அதற்கு ஜி.பி.எக்ஸ். கோப்பு என்று பெயர். வரைபடத்தில் திறப்பதற்கு முன்னால், ஆபீஸ் புத்தி விடவில்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சும்மா எழுத்தாகத் திறந்து பார்த்தேன்.

நண்பர்களே, அது ஒரு பதிவேடு! வரி வரியாக ஆயிரக்கணக்கில் வரிகள். ஒவ்வொன்றிலும் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், நேரம். வேறு ஒன்றும் இல்லை. விநாடிக்கு ஒரு வரி என்றால் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு 7,200 வரி. நான் 39 வருஷம் நில ஆவணங்களோடு குப்பை கொட்டியவன். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் பழைய கதாஸ்தர் கட்டுகள் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். காணி, குழி, எல்லைக்கல், பக்கத்து நிலத்துக்காரர் பெயர் என்று பிரெஞ்சில் எழுதியிருப்பதைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எடுத்து எழுதுவது என் வேலை. அந்தக் கட்டுகளில் வரி எழுதியவரின் கையெழுத்து இருக்கும். இதில் எழுதியவர் யார்? தலைக்கு மேலே சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள். குறைந்தது நாலு கோள்களின் சிக்னல் கிடைத்தால்தான் போன் தான் இருக்கிற இடத்தைக் கணக்குப் போடும் என்று மகன் சொன்னான். நாலு எல்லைக்கும் சாட்சி வைத்து அளப்பது போலத்தான்.

அந்த வரிகளில் ஒரு பிழையும் கண்டுபிடித்தேன் என்று துள்ளினேன். காலை 5.50க்குக் கிளம்பினேன், பதிவில் 00.20 என்று இருக்கிறது! மகன் சிரித்தான். அது கிரீன்விச் கணக்காம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். தணிக்கைக் குறிப்பை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பிறகு வரைபடத்தில் திறந்தேன். மேலே ஒரு நேரக்கோடு வரும். ஓடவிடும் பொத்தானை அழுத்தினால், என் வீட்டுத் தெருவிலிருந்து ஒரு புள்ளி கிளம்பி, நான் போன வழியெல்லாம் போகும். இரண்டு மணி நேரப் பயணம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னால் வானத்திலிருந்து எடுத்த படம். ஓடுகள், தென்னைகள், ஏரி, வயல்.

இதை என் மனைவிக்குக் காட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாடிப்படி ஏறுவதில்லை, கோயிலுக்கு ஆட்டோ. வில்லியனூர் பக்கத்து கிராமத்துப் பெண், சிறு வயதில் வரப்பில் ஓடியவள், இப்போது வாசல் திண்ணையோடு சரி. காப்பி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புள்ளி ஓட ஆரம்பித்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது நீங்களா?"

"நான்தான்."

"இவ்ளோ வேகமாவா போறீங்க?"

"நிஜத்துல பதினாலு கிலோமீட்டர் வேகம்."

"அப்ப சரி. மெதுவா ஓடச் சொல்லுங்க, பாக்கணும்."

அன்றிலிருந்து அது எங்கள் சாயங்கால வழக்கமாகிவிட்டது. டிவி சீரியலுக்கு முன்னால் என் சீரியல். அவள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாது. "அந்தக் குளத்துல தண்ணி இருக்கா?" "படத்துல இருக்கு. இன்னிக்கு இல்ல. படம் எப்பவோ எடுத்தது." "ஏரிக்கரை ஆலமரம் இருக்கா?" மறுநாள் அதற்காகவே போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்த மென்பொருளில் பழைய வருஷத்துப் படங்களுக்கும் போகலாம். அவள் பிறந்த வீட்டைத் தேடிப் பிடித்தோம். இன்றைய படத்தில் சுற்றிலும் பிளாட் போட்ட மண். பின்னால் தள்ளத் தள்ள, பிளாட் மறைந்து பச்சை வந்தது. கொல்லைப்புறத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. "கெணறு" என்றாள். அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

எனக்கு வேறு ஒரு வேடிக்கை. நம்ம புதுச்சேரி துண்டு துண்டாகக் கிடக்கிற ஊர் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் எல்லைக்கோட்டை வரைபடத்தில் போட்டுவைத்துக்கொண்டு, அதன் மேல் நம் சைக்கிள் போவதைப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். முத்தியால்பேட்டையிலிருந்து காலாப்பட்டுக்குப் போகிறேன் என்று வையுங்கள். கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் தமிழ்நாடு. பிள்ளைச்சாவடி வந்தால் மறுபடி புதுச்சேரி. போக வர நாலு முறை மாநிலம் தாண்டியாகிவிட்டது, இட்லி சாப்பிட வீட்டுக்கு வந்தாகிவிட்டது! ஊசுடு ஏரியில் இன்னும் வேடிக்கை. கோடு தண்ணீர் மேலேயே போகிறது. ஏரியில் ஒரு பாதி அவர்களுடையது, மறுபாதி நம்முடையது.

என் அப்பா ரோடியர் மில் தொழிலாளி. 1954க்கு முன்னால் எல்லைகளில் சுங்கச் சாவடி. அந்தப் பக்கம் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ஒரு துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாலும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று சொல்வார். 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று ஓட்டுப் போட்டார்கள். நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. கீழூர் நினைவிடத்துக்கும் சைக்கிளில் போய் வந்திருக்கிறேன். அப்பா இறங்கி நின்று மூட்டையைப் பிரித்த கோட்டை, என் புள்ளி நிற்காமல் தாண்டிப் போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

போகாத இடங்களுக்கும் போகலாம். மற்றவர்கள் போன பாதைகளின் கோப்புகள் கிடைக்கின்றன. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒருவருக்கு 'தூர் து பிரான்ஸ்' சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். ஜூலை மாதம் வந்தால் இலக்கணப் பாடம் பாதி, பந்தயக் கதை பாதி. ஐந்து முறை ஜெயித்த ழாக் ஆங்கெத்தீல் பெயர் எங்களுக்கு சினிமா நடிகர் பெயர் மாதிரி. நாங்கள் யாரும் மலையே பார்த்ததில்லை. செஞ்சி மலைதான் எங்களுக்கு ஆல்ப்ஸ். அறுபது வருஷம் கழித்து, முத்தியால்பேட்டை வீட்டில் உட்கார்ந்தபடி, பெதுவான் கிராமத்திலிருந்து வாந்தூ மலைக்கு யாரோ ஒருவர் ஏறிய பாதையை ஓடவிட்டேன். 1,900 மீட்டருக்கு மேல் உயரம். கீழே காடு, உச்சிக்குப் போகப் போக மரமே இல்லை, வெள்ளைக் கல். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1967 ஜூலை 13ஆம் தேதி டாம் சிம்ப்சன் என்ற இங்கிலாந்து வீரர் அங்கே விழுந்து இறந்தார். கடும் வெயில், உடம்பில் தண்ணீர் இல்லை, களைப்புத் தெரியாமல் இருக்கப் போட்டுக்கொண்ட மாத்திரை. ஒருமுறை விழுந்தவரைத் தூக்கி மறுபடி சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி விழுந்தார், எழவில்லை. வாத்தியார் அதைச் சொன்னபோது எனக்கு 17 வயது. வெயிலில் சைக்கிள் விடுகிறவன் தண்ணீரை மறக்கக் கூடாது என்று முடித்தார். நான் அதைப் பந்தயக்காரர்களுக்குச் சொன்ன புத்திமதி என்று எடுத்துக்கொண்டேன்.

இப்போது அந்த ஏப்ரல் நாளுக்கு வருகிறேன்.

அன்று கிளம்பவே ஏழு மணிக்கு மேல் ஆகிவிட்டது. வழுதாவூர் சாலையைப் பிடித்து ஊசுடு ஏரி, பத்துக்கண்ணு, அங்கிருந்து இடது பக்கம் திரும்பிக் கூடப்பாக்கம் வழியாக வில்லியனூர், மூலக்குளம், வீடு. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். எத்தனையோ முறை போன வழி. வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். தலை கொஞ்சம் பாரமாக இருந்தது. வெயில் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல ஓடவிட்டோம். பத்துக்கண்ணு தாண்டி வில்லியனூர் சாலையில் ஓரிடத்தில் புள்ளி நின்றது. நின்ற இடத்திலேயே இப்படியும் அப்படியும் துடித்துக்கொண்டிருந்தது. நிற்கும்போது போன் துல்லியமாக ஒரே இடத்தைக் காட்டாது. விநாடிக்கு விநாடி இரண்டடி நாலடி தள்ளித் தள்ளிக் காட்டும். அதனால் கோடு கோடாகக் கிறுக்கி, ஒரு முடிச்சு மாதிரி விழும். டீ குடித்த இடம், ஒதுங்கிய இடம் எல்லாம் சிறு முடிச்சாகத் தெரியும். இது பெரிய முடிச்சு.

"என்னாங்க, இங்க நூல் சிக்கிக்கிட்ட மாதிரி இருக்கு? எவ்ளோ நேரம் நின்னீங்க?"

நேரத்தைப் பார்த்தேன். 17 நிமிடம்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல ஒன்றும் இல்லை. டீ குடித்தேனா? இல்லை. யாரையாவது பார்த்துப் பேசினேனா? இல்லை. பத்துக்கண்ணில் திரும்பியது நினைவிருக்கிறது. வில்லியனூர் தேர் வீதி நினைவிருக்கிறது. நடுவில் அந்த முடிச்சு நினைவிலேயே இல்லை. மறந்துபோனால் மறந்தது என்றாவது தெரியும் அல்லவா? இதில் அதுவும் இல்லை. வரைபடம் காட்டியிருக்காவிட்டால், அப்படி 17 நிமிடம் காணாமல் போனதே எனக்குத் தெரிந்திருக்காது.

"பஞ்சர்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏன் பொய் சொன்னேன் என்பதற்குக் காரணம் உண்டு. என் பெரியண்ணனைப் பற்றி இங்கே எழுதியிருக்கிறேன். கடைசி மூன்று வருஷத்தைப் பற்றி எழுதியதில்லை. கல்வே காலேஜில் எனக்கு எட்டு வருஷம் சீனியர். பிரெஞ்சில் அவர் எழுதும் கடிதத்துக்கு ஆபீசே காத்திருக்கும். 78 வயதுக்குமேல் ஒவ்வொன்றாக மறக்க ஆரம்பித்தார். முதலில் சாவி, பிறகு தெரு, பிறகு பேரன் பெயர். கடைசியில் காலை எழுந்ததும் தலை வாரிக்கொண்டு, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று வாசலில் வந்து நிற்பார். அண்ணிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவார். என் மனைவியும் அதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள். அதனால்தான் அவளிடம் சொல்ல முடியவில்லை. பழைய நினைவுகளை எழுதி உங்களுக்குப் படிக்கக் கொடுக்கிறவன் நான். அன்று காலையில் நடந்ததே என்னிடம் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

அன்று இரவு தூங்கவில்லை. எட்டாம் வகுப்பில் யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று மனதுக்குள் ஆஜர் எடுத்தேன். எல்லாரும் வந்தார்கள். அதுவும் பயமாக இருந்தது. அண்ணனுக்கும் கடைசிவரை அதுதான் நினைவிருந்தது.

மறுநாள் காலை அவள் சைக்கிள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"எந்த டயர் பஞ்சர்?"

நான் பேசவில்லை.

"முன்னாடியா, பின்னாடியா? ரெண்டுலயும் தூசி அப்படியே இருக்கு. கழட்டின மாதிரியே இல்லியே."

சொல்லிவிட்டேன். சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "ஆட்டோ கூப்புடுங்க. அந்த எடத்துக்குப் போய்ப் பாக்கலாம்" என்றாள். முழங்கால் வலிக்குமே என்றேன். "என் முழங்காலை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

போனில் வரைபடத்தை வைத்துக்கொண்டு, முடிச்சு விழுந்த இடத்துக்கு ஆட்டோவில் போய் இறங்கினோம். ஒரு புளியமரம். அதன் கீழே வாய்க்கால் மதகின் திட்டு. எதிரே கீற்றுக் கொட்டகையில் ஒரு சின்னக் கடை. சர்பத், எலுமிச்சை ஜூஸ், வெள்ளரிக்காய். கடையில் இருந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தது.

"ஐயா! நல்லா இருக்கீங்களா? நேத்து பயந்தே பூட்டேன். ராத்திரிகூட என் மவன்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்தேன், நல்லபடியா வூடு போய்ச் சேந்தாரோ இல்லியோன்னு."

என் மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். நான் சைக்கிளை நானே ஒழுங்காக மரத்தில் சாய்த்துவிட்டு, மதகுத் திட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வியர்வை ஆறாக ஓடியிருக்கிறது. அந்த அம்மா கூப்பிட்டுப் பார்த்தது, பதில் இல்லை. தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்து, உப்புப் போட்டு எலுமிச்சை ஜூஸ் கொடுத்தது. குடித்திருக்கிறேன். "எங்க போவணும் ஐயா?" என்று கேட்டதற்கு ஏதோ சொல்லியிருக்கிறேன்.

"என்னமோ பாஷை ஐயா. எக்கோல், எக்கோல்னு ரெண்டு தபா சொன்னீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பறம் கொஞ்ச நேரங்கழிச்சு எழுந்து, காசு குடுத்துட்டு, மெர்சின்னு சொல்லிட்டுப் போனீங்க. நில்லுங்கன்னு சொன்னேன், நிக்கல."

எக்கோல் என்றால் பள்ளிக்கூடம். நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் வாசலில் தலை வாரி நின்ற அண்ணன்தான் கண்ணில் வந்தார்.

ஆட்டோ நேராக டாக்டரிடம் போனது. ரத்தப் பரிசோதனை, தலைக்கு ஸ்கேன், எல்லாம் ஆயிற்று. உட்கார வைத்துக் கேள்விகளும் கேட்டார்: இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து என்று முள் போடுங்கள். 39 வருஷம் கூட்டல் கழித்தல் பார்த்தவனுக்கு அந்தக் கழித்தலில்தான் கை நடுங்கியது. ஆனால் எல்லாம் சரியாக வந்தது. ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ரத்த அழுத்தத்துக்கு நான் சாப்பிடும் மாத்திரை சிறுநீரை அதிகம் போகவைக்கிற வகை. அதைக் காலையில் போட்டுக்கொண்டு, ஏப்ரல் வெயிலில் இரண்டு மணி நேரம் வியர்வை கொட்டினால், உப்பும் போய்விடும், அழுத்தமும் இறங்கிவிடும், கொஞ்ச நேரம் புத்தி தடுமாறலாம் என்றார். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். அந்தக் கேள்விகளை மறுபடி கேட்பாராம். போய் வந்தேன். கடிகாரம் இந்த முறையும் சரியாக வந்தது.

"அண்ணனுக்கு வந்தது எனக்கு வராது என்று சொல்ல முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். "அதை யாருக்கும் யாரும் எழுதிக் கொடுக்க முடியாது சார். இது அது இல்லை. அதுவரைக்கும் சொல்லலாம்" என்றார். நேர்மையான பதில். நானும் அலுவலகத்தில் கையில் உள்ள பதிவேட்டுக்கு மேல் ஒரு வரி கூடச் சான்றிதழ் கொடுத்ததில்லை.

மகனிடம் சொன்னபோது அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சைக்கிளை விற்றுவிடுங்கள் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். "அம்மா என்ன சொல்றாங்க?" என்றான். "சீக்கிரம் கெளம்பிச் சீக்கிரம் வரணும்னு சொல்றா." "அப்ப சரி" என்றான். இப்போது நான் ஓட்டும்போதே இருக்கிற இடம் அவனுக்கும் என் மனைவி போனுக்கும் தெரிகிற மாதிரி வைத்துக் கொடுத்திருக்கிறான். ஏழரைக்குள் வீடு. பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். சட்டைப் பையில் பெயர், வீட்டு போன் நம்பர், சாப்பிடும் மாத்திரைகள் எழுதிய அட்டை, தமிழில்!

அந்தக் கோப்பை நான் அழிக்கவில்லை. தேதி போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். சில நாள் தனியாக இருக்கும்போது ஓடவிட்டுப் பார்ப்பேன். புள்ளி வருகிறது, மரத்தடியில் நிற்கிறது, துடிக்கிறது, கிளம்புகிறது. ஆயிரத்துச் சொச்சம் வரிகள். அட்சரேகை இருக்கிறது, தீர்க்கரேகை இருக்கிறது, நேரம் இருக்கிறது. பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு ஓடிவந்த அந்த அம்மா அதில் இல்லை. நான் எந்தப் பள்ளிக்குப் போவதாக நினைத்தேன் என்பதும் இல்லை. எனக்கு அது இன்றுவரை திரும்பி வரவில்லை. இந்தக் கட்டுரையில் அந்த இடத்தை அந்த அம்மா சொன்னபடிதான் எழுதியிருக்கிறேன்; என் நினைவிலிருந்து அல்ல.

என் வயதுக்காரர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்துகொண்டு இப்படி ஏதாவது ஆப்பைப் போட்டுக் கொடுத்தால், நம்மை வேவு பார்க்கிறார்கள் என்று முறைத்துக்கொள்ள வேண்டாம். நானும் முறைத்தவன்தான். பதிவு செய்யுங்கள். வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து பாருங்கள். எங்கே நின்றீர்கள் என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கு அந்தக் கடைசிப் பாடத்துக்கு ஒரு இரவுத் தூக்கம் செலவாயிற்று.

சாயங்காலச் சீரியல் இப்போதும் நடக்கிறது. ஓடவிடுவதற்கு முன்னாலேயே, "எங்கயாவது நூல் சிக்கியிருக்கா?" என்று கேட்டுவிடுவாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். இது டீ. இது பழைய ஆபீஸ் சினேகிதர். இது ஒதுங்கினது. வாரத்துக்கு ஒருமுறை பத்துக்கண்ணு பக்கம் போகிறேன். அந்தக் கடையில் இறங்கி, மதகுத் திட்டில் உட்கார்ந்து, உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அந்த அம்மா, "மெர்சி சொல்லுங்க ஐயா" என்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.

எல்லா வாரத்துப் பாதைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால், அந்தப் புளியமரத்தடியில் இப்போது ஏகப்பட்ட முடிச்சுகள். அன்றைக்கு விழுந்தது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை.